விளம்பரத்தில் எழுதாத பாகங்கள்: தள்ளுபடி கேமிங் டெஸ்க்டாப்பை எடைபோடுவது எப்படி

"கோர் ஐ7, 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ். எம்ஆர்பி ரூ. 1,34,999. இன்றைய விலை ரூ. 84,990." பண்டிகைக் காலத்தில் இப்படி ஒரு விளம்பரமாவது கண்ணில் படும். இதில் சொல்லியிருப்பது எதுவும் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஒரு கேமிங் டெஸ்க்டாப்பில் முக்கியமான பாகங்கள் எட்டு. பெயர் சொன்ன நான்கு போக எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி), மதர்போர்டு, கூலர், கேபினட் என்று சொல்லாமல் விட்டவை நான்கு. விலையை இறக்க வேண்டி வரும்போது செட் போடுபவர் முதலில் கை வைப்பது அந்த நான்கில்தான். வாங்குபவர் அவற்றைப் பற்றிக் கேட்பதில்லை. சொன்ன நான்கும்கூட அரைகுறையாகவே சொல்லப்பட்டிருக்கும். எந்த ஐ7, எந்த ஆர்டிஎக்ஸ், 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா இரண்டா என்பதெல்லாம் இருக்காது.

அடித்துக் காட்டிய எம்ஆர்பியை முதலில் மறந்துவிடுங்கள். அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்புதான் அது; சந்தை விலை அல்ல. பல மாடல்கள் கடைக்கு வந்த நாளிலிருந்தே அதைவிடக் குறைவாகத்தான் விற்கின்றன. தள்ளுபடி நிஜமா என்பதை ஒரே ஒரு கணக்கு சொல்லிவிடும்: அதே பாகங்களை இன்றைக்குத் தனித்தனியாக வாங்கினால் என்ன ஆகும்? ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடை, பாகங்கள் விற்கும் ஆன்லைன் கடைகளில் இரண்டு என்று மூன்று கொட்டேஷன் எடுங்கள். மூன்றும் ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்த விலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் சொல்லும் விலையோடு பில் விலையை ஒப்பிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

பாகங்களின் கூட்டுத்தொகை ரூ. 76,000, அசல் விண்டோஸுக்கு ரூ. 9,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ. 85,000. இப்போது ரூ. 84,990 என்பது தள்ளுபடியே இல்லை, சரியான விலை. சரியான விலைக்கு வாங்குவதில் தவறில்லை. "50,000 ரூபாய் மிச்சம்" என்ற நினைப்பில் வாங்குவதுதான் தவறு. கூட்டுத்தொகையைவிட 10 சதவீதம் வரை அதிகமானாலும் முழு செட்டுக்கும் வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரன்டி இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். 25 சதவீதம் குறைவாக இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். ஏதோ ஒரு பாகம் நீங்கள் நினைத்தது அல்ல, அல்லது புதிது அல்ல.

இந்தக் கணக்கில் அண்மையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 கடைசியில், ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டதால், ராம் விலை சில மாதங்களிலேயே மடங்குக் கணக்கில் ஏறியது. க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளில் ராம், எஸ்எஸ்டி விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எனவே விலை ஏறுவதற்கு முன் கட்டி கோடவுனில் வைத்த செட், பழைய விலையிலேயே தள்ளுபடிக்கு வந்தால் உள்ளே இருக்கும் 32 ஜிபி ராமுக்காகவே அது லாபமாக முடியலாம். 2021-இல் கிராபிக்ஸ் கார்டு தட்டுப்பாட்டின்போதும் இதேதான் நடந்தது: கார்டு தனியாகக் கிடைக்காமல், அதற்காகவே முழு செட்டை வாங்கினார்கள். "அசெம்பிள் செய்தால்தான் எப்போதும் மலிவு" என்பது எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. கொட்டேஷன் அன்றைக்கே எடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

கிராபிக்ஸ் கார்டின் முழுப் பெயர்

பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது, ஏமாற்றமும் இங்கேதான் அதிகம். நல்ல கேமிங் செட்டில் மானிட்டர் நீங்கலான விலையில் 35 முதல் 45 சதவீதம் கார்டுக்குப் போயிருக்க வேண்டும். ஐ7 போட்டு ஆர்டிஎக்ஸ் 3050 கொடுத்தால் தராசு தவறான பக்கம் சாய்ந்திருக்கிறது. விளையாட்டுக்கு ஐ5-உம் 3050-ஐவிட இரண்டு படி மேலான கார்டும்தான் பொருத்தம்.

ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் வருவதுதான் பெரிய குழப்பம். 2022 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இல் 8 ஜிபி மெமரி, 2560 கோர் (கணக்குப் போடும் அலகுகள்), 128 பிட் பஸ் (மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்), 130 வாட். 2024-இல் அதே பெயரில் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், 96 பிட் பஸ், 70 வாட். எழுதும்போது "6" என்பது மட்டும்தான் மாறுகிறது. ஓடும்போது இது தெளிவாகவே மெதுவான வேறொரு கார்டு. 3060-இலும் இதே கதை. 12 ஜிபி கார்டுக்கு 192 பிட் பஸ், மெமரி வேகம் நொடிக்கு 360 ஜிபி. பின்னால் வந்த 8 ஜிபி கார்டுக்கு 128 பிட், நொடிக்கு 240 ஜிபி. 4060 டிஐ, 5060 டிஐ இரண்டும் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வகையாக வருகின்றன. இங்கே சிப் ஒன்றேதான். ஆனால் மெமரி நிரம்பிவிட்டால் 8 ஜிபி கார்டு திக்கித் திக்கி ஓடும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு குறைந்தபட்சமே 8 ஜிபி மெமரியும் ரே ட்ரேசிங் (ஒளியை நிஜம்போலக் கணக்கிட்டுக் காட்டும்) வசதியும் உள்ள கார்டைக் கேட்டது. ஃபுல் எச்டி மானிட்டரில் வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுபவருக்கு 8 ஜிபி போதும். நான்கு வருடம் புதுப்புது விளையாட்டுகளை ஆட நினைப்பவர் 12 அல்லது 16 ஜிபிக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

பழைய ஸ்டாக்கைக் காலி செய்யும் விற்பனையில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 போன்றவை தலை காட்டும். 10 வரிசைக் கார்டுகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர்களை (கார்டை இயக்கும் மென்பொருள்) என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 வரை வரும். மலிவாகக் கிடைத்தாலும் இன்றைக்கு அதில் புதிதாகப் பணம் போடக் கூடாது. ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற 4 ஜிபி கார்டைத் தவிர்த்துவிடுங்கள். அது மதர்போர்டோடு பேசுவது 4 லேன் (தடம்) வழியாக மட்டும். கார்டைச் செருகும் இணைப்பு பிசிஐஇ 3.0 என்ற பழைய வகையாக இருக்கும் போர்டில் அதன் வேகம் வெகுவாகச் சரியும்.

பிராசஸரில் ஒரு எழுத்து

ரைசன் 7 5700 எக்ஸ் வேறு, ரைசன் 7 5700 வேறு. இரண்டிலும் 8 கோர்தான். முன்னதில் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி), பிசிஐஇ 4.0; பின்னதில் 16 எம்பி, பிசிஐஇ 3.0. ரைசன் 5 5600-க்கும் 5500-க்கும் இடையிலும் இதே வித்தியாசம். விளையாட்டுகளுக்கு அந்தக் கேஷ் மிகவும் முக்கியம். ஆறு கோர் 5600 பல விளையாட்டுகளில் எட்டு கோர் 5700-ஐ முந்துவது அதனால்தான்.

இன்டெல் பக்கம் ஐ5-13400எஃப்-உம் 14400எஃப்-உம் ஏறக்குறைய ஒன்றே. உச்ச வேகம் 4.6-இலிருந்து 4.7 கிகாஹெர்ட்ஸ் ஆனதுதான் மாற்றம். "14-ஆம் தலைமுறை" என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். ஐ7-14700எஃப்-இன் அட்டையில் 65 வாட் என்றிருக்கும், உச்சத்தில் அது 219 வாட் வரை இழுக்கக் கூடியது. சின்னக் கூலர் வைத்த பிராண்டட் செட்டில் சில நொடிகளுக்குப் பின் பயாஸே (போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அதை 65 வாட்டுக்கு இறக்கிவிடும். ஐ7-க்குக் கொடுத்த பணத்தின் ஒரு பகுதி அங்கே வீணாகிறது. 13, 14-ஆம் தலைமுறையின் 13600கே, 14600கே முதல் மேலே உள்ள பிராசஸர்களில் வோல்டேஜ் கோளாறால் நாளடைவில் பழுது வருவதை இன்டெலே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் மைக்ரோகோடு (பிராசஸரின் உள் கட்டளைகள்) திருத்தங்கள் வந்தன. அந்த வகை செட் என்றால் வாங்கிய அன்றே பயாஸ் அப்டேட் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் கடை டிஸ்ப்ளேயில் ஓடிய செட் என்றால் எடுக்கவே வேண்டாம்.

"எஃப்" என்று முடியும் இன்டெல் பிராசஸரில் உள் கிராபிக்ஸ் இல்லை. கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போனால் திரும்பி வரும்வரை திரையில் ஒன்றும் வராது. வேலைக்கும் இதே கம்ப்யூட்டர்தான் என்பவர் இதையும் யோசிக்க வேண்டும்.

ராமில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒரே ஸ்டிக்கா, இரண்டா? 16 ஜிபி ஒற்றை ஸ்டிக் போட்டால் இரண்டு சேனலில் ஒன்று காலி, மெமரியின் அகலம் பாதி. பிராசஸர் திணறும் காட்சிகளில் ஃப்ரேம் (நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். சராசரி எண் நன்றாக இருந்தாலும் திடீர் திடீரென்று தடங்கும். இன்னொரு ஸ்டிக் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும். அந்த ஸ்டிக்கின் இன்றைய விலையை அப்படியே கணக்கில் ஏற்றுங்கள்.

எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படிப்பது

உள்ளூர் செட்டோ பிராண்டட் செட்டோ, பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக எஸ்எம்பிஎஸ் லேபிளின் போட்டோ ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: +3.3வி, +5வி, +12வி என்று தலைப்புகள், கீழே ஆம்பியர். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது 12 வோல்ட்டை மட்டும்தான். மேலே பெரிய எழுத்தில் "450" என்று அச்சிட்டு, 12 வோல்ட்டுக்குக் கீழே 16ஏ என்று இருந்தால் 12 × 16 = 192 வாட்; கேமிங் செட்டுக்கு அதிலிருந்து கிடைப்பது அவ்வளவுதான். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே இடத்தில் 45ஏ அளவுக்கு இருக்கும், அதாவது 540 வாட்.

ஐ5-12400எஃப் உச்சத்தில் 117 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்த்து 50 வாட். ஆக 280-இலிருந்து 300 வாட். 192 வாட் எஸ்எம்பிஎஸ் இதைத் தாங்காது. சாதாரண வேலைகளில் எந்தக் குறையும் தெரியாது. விளையாட்டு தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் பட்டென்று அணையும். வாங்கியவர் கார்டைச் சந்தேகிப்பார், விண்டோஸை மறுபடி போடுவார், மாதக்கணக்கில் அலைவார். மலிவு எஸ்எம்பிஎஸ் வெடித்துச் சாகும்போது கார்டையும் சேர்த்துக்கொண்டு போன சம்பவங்கள் உண்டு. செட்டில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் இதுதான். "80 பிளஸ்" முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்வது. தரத்துக்கு முழுச் சான்று அல்ல. அது இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸைத் தொட வேண்டாம் என்பது மட்டும் நல்ல வடிகட்டி.

எச்பி, டெல், லெனோவோ போன்ற பெரிய பிராண்டுகளில் பிரச்சினை வேறு மாதிரி. அவர்களது எஸ்எம்பிஎஸ் தரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் பல மாடல்களில் வாட் 350, 400 என்று அந்தக் கார்டுக்கு மட்டும் அளந்து வைத்தது. மதர்போர்டுக்குப் போகும் கனெக்டர் வழக்கமான 24 பின்னாக இருக்காது. போர்டின் திருகுத் துளைகளும் வேறு இடத்தில். இரண்டு வருடம் கழித்து 250 வாட் ஆர்டிஎக்ஸ் 5070 போட ஆசைப்பட்டால், அதற்கு என்விடியா சொல்லும் எஸ்எம்பிஎஸ் 650 வாட். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றக் கனெக்டர் இடம் தராது. போர்டை மாற்றக் கேபினட் இடம் தராது. சில மாடல்களில் கேபினட் ஃபேனை மாற்றினாலே ஆன் செய்யும்போது எரர் காட்டி நிற்கும். அப்படிப்பட்ட செட்டில் மறுபடி பயன்படுவது பிராசஸர், ராம், எஸ்எஸ்டி, கார்டு மட்டும். எனவே ஒரு நேர்மையான கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதைத் திறக்காமலேயே நான்கு வருடம் ஓட்டப்போகிறேனா? ஆம் என்றால் பிராண்டட் செட் தாராளமாக வாங்கலாம். பின்னால் மெல்ல மெல்ல ஏற்றிக்கொள்ளும் திட்டம் என்றால், வழக்கமான ஏடிஎக்ஸ் அளவுப் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் வைத்துக் கட்டித்தரும் கடைகளின் செட்டையே பாருங்கள்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. யூடியூப் சோதனைகள் பெரும்பாலும் 20-22 டிகிரி ஏசி அறையில் நடப்பவை. மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறை எளிதாக 35 டிகிரி இருக்கும். அறையில் கூடும் ஒவ்வொரு டிகிரியும் ஏறத்தாழ அப்படியே உள்ளேயும் கூடும். முன்பக்கம் மூடிய கண்ணாடி, பின்னால் ஒரே ஒரு ஃபேன் என்றிருக்கும் கேபினட், அங்கே 80 டிகிரி காட்டியது என்றால் இங்கே 95 காட்டும். முன்பக்கம் வலைக்கண்ணாக, காற்று உள்ளே வர இரண்டு ஃபேன் இருக்கும் கேபினட் நம் ஊருக்குக் கட்டாயம். விளக்குகள் எத்தனை நிறத்தில் எரிகின்றன என்பது இரண்டாம்பட்சம்.

இருபதாயிரம் ரூபாய் ஐ7

முகநூலிலும் யூடியூபிலும் "ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராபிக்ஸ், கேமிங் பிசி" என்று ரூ. 20,000-க்குக் கூவி விற்பவை தனி இனம். முதல் கம்ப்யூட்டருக்காகக் காசு சேர்த்த பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ஐ7-க்குப் பின் எண் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் 2011-இன் 2600, 2012-இன் 3770, அல்லது 2013-இன் 4770. அலுவலகங்கள் கழித்துவிட்ட பிராசஸர், புதிதாகச் செய்த மலிவு போர்டு. கார்டு ஜிடி 730 ஆக இருக்கும். அதில் "4 ஜிபி" என்பது டிடிஆர்3 மெமரியின் அளவு. வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. புது டிரைவர் நின்று பல வருடம் ஆகிவிட்டது. சிலவற்றில் பழைய கார்டின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று பொய்ப்பெயர் காட்ட வைத்திருப்பார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அதைப் பெரும்பாலும் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று போட்டுவிடும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் 8-ஆம் தலைமுறை முதல்தான் அதிகாரபூர்வமாக ஏற்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றிக் கொடுப்பார்கள். ஆனால் விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0-உம், ஆன் ஆகும்போதே சரிபார்க்கும் 'செக்யூர் பூட்' வசதியும் வேண்டும். இந்த செட்டுகளில் பலரும் ஆட நினைக்கும் விளையாட்டே திறக்காது. அந்த ரூ. 20,000-ஐக் கையில் வைத்துக்கொண்டு, உள் கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி போன்ற ஒன்றை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது எவ்வளவோ மேல்.

வாரன்டியும் இஎம்ஐயும்

பிராண்டட் செட்டுக்கு முழுமைக்கும் 1 வருடம் என்பது வழக்கம். கூடுதல் வருடங்களுக்குப் பணம் கட்ட வேண்டும். அதிலிருக்கும் கார்டுக்குத் தனி வாரன்டி கிடையாது. தனித்தனியாக வாங்கினால் பாக்ஸ் பிராசஸருக்கும் கார்டுக்கும் பொதுவாக 3 வருடம், எஸ்எஸ்டிக்கு 3 முதல் 5, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 5-க்கு மேலும் உண்டு. கடைக்காரர் கட்டித்தரும் செட் என்றால், ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் ஏற வேண்டும். "மொத்தமா ஒரு சிஸ்டம்னு போட்டுடறேன் தம்பி" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் வருடம் கார்டு போகும்போது கம்பெனி சர்வீஸ் சென்டர் கேட்பது அந்த எண்ணைத்தான். பிராசஸர் பாக்ஸா ட்ரேயா (சில்லறைப் பெட்டி இல்லாமல் வருவது) என்றும் கேளுங்கள். ட்ரேக்கு இன்டெல், ஏஎம்டியின் நேரடி வாரன்டி இல்லை, விற்றவரின் வாய்ச்சொல்தான்.

விண்டோஸ் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்றிருந்தால் நல்ல அறிகுறி. உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை வழியாக என்று வந்தால், வீட்டுக் கம்ப்யூட்டரில் அது கிராக். அசல் விண்டோஸ் என்று விலையில் சேர்த்திருந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

"நோ காஸ்ட் இஎம்ஐ"யில் வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கழிக்கிறார், வங்கி வட்டி போடத்தான் போடுகிறது. அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில். ரொக்கத்துக்குத் தனித் தள்ளுபடி உண்டா என்று கேட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செட் வந்த அன்று

திருப்பி அனுப்பும் கெடு பல இடங்களில் 7 நாள்தான், அதிலும் சில இடங்களில் மாற்றித் தருவது மட்டும். அதனால் முதல் நாளே சோதியுங்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். ஆன் செய்வதற்கு முன் பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஃபோம் வைத்திருக்கிறார்களா பாருங்கள். அதை எடுக்காமல் ஓட்டினால் சூடு ஏறி எல்லாம் கெடும். கூரியரில் குலுங்கி வந்ததில் கார்டு ஸ்லாட்டிலிருந்து லேசாக விலகியிருக்கலாம், கையால் அழுத்திப் பாருங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்ல, கார்டில் செருகுங்கள்.

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேகமும் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். ஜிபியு-இசட்டில் கார்டின் மெமரி, பஸ் அகலம் இரண்டையும் கடை சொன்னதோடு ஒப்பிடுங்கள். பிறகு சூட்டைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோவைத் திறந்துவைத்து, பிராசஸரை முழு வேகத்தில் சோதிக்கும் சினிபெஞ்சைப் பத்து நிமிடமும், உங்களிடம் இருப்பதிலேயே கனமான விளையாட்டை அரை மணியும் ஓட்டுங்கள். பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டு வேகம் இறங்கினாலோ, அணைந்து எழுந்தாலோ அன்றே புகார் போடுங்கள். ராமுக்கு மெம்டெஸ்ட்86 என்ற சோதனை ஒரு சுற்று, இரவு தூங்கும்போது விட்டுவிடலாம்.

கடைசியாக கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எத்தனை தடவை ஆன் ஆகியிருக்கிறது என்று அது காட்டும். புது செட்டில் சோதனைக்காக ஓடிய சில மணி நேரம் இருக்கும். 1,200 மணி நேரம் என்று காட்டினால் அது டிஸ்ப்ளேயில் நின்றதோ யாரோ திருப்பிக் கொடுத்ததோதான். அந்தத் திரையைப் போட்டோ எடுத்துப் புகாரோடு இணையுங்கள். பெட்டியையும் தெர்மகோலையும் கெடு முடியும்வரை பரணில் போட்டுவையுங்கள். பெட்டி இல்லாமல் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை.